செம்பனை மட்டையில் உட்கார்ந்த கறுப்புப் பறவை: வாசகர் கேள்வி பதில்

பறவைகளைப் பற்றிய கேள்விகள் இந்தப் பகுதிக்கு எப்போதும் வரும். ஆனால் இந்தத் தடவை காக்கையைப் பற்றியே இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள், அதனால் இந்த மாதம் முழுக்கக் காக்கைக்கே. எனக்கு இதில் ரொம்பச் சந்தோஷம். தினமும் கண்ணில் படுகிற பறவையை ‘அட காக்கா’ என்று தாண்டிப் போகாமல் நின்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிகிறதே.

கேள்வி: ஐயா, நான் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். விடியற்காலையில் மட்டை மேல் ஒரு பெரிய காக்கை வந்து உட்காருகிறது. முழுக் கறுப்பு. பாசாரில் திரியும் காக்கையைவிட நன்றாகவே பெரிசு, குரலும் கட்டையாக இருக்கிறது. யூடியூப்பில் ரேவன் வீடியோவைப் பார்த்த என் மகள், “இதுதான் அப்பா அது” என்று அடித்துச் சொல்கிறாள். நம் ஊரில் ரேவன் இருக்கிறதா?

பதில்: இல்லை தம்பி. மலேசியாவின் காடு, தோட்டம், கடற்கரை எதிலும் ரேவன் கிடையாது. அது காக்கைக் குடும்பத்துப் பெரிய பறவை, வடக்கே வாழ்வது: ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா. இந்தியாவில்கூட வடமேற்கே ராஜஸ்தான் போன்ற வறண்ட பகுதிகளிலும் இமயமலையின் உயரத்திலும்தான் உண்டு, தமிழ்நாட்டில் கிடையாது. ஆகையால் நம் ஊரில் எவ்வளவு பெரிய காக்கையைப் பார்த்தாலும் ‘ரேவனோ’ என்ற சந்தேகத்தை முதலிலேயே ஓரமாக வைத்துவிடலாம். பறவையை அடையாளம் காண்பதில் நான் முதலில் கேட்கும் கேள்வியே இதுதான், நிற்கிற இடம் எது? நிறம், அளவு எல்லாம் அதற்கு அப்புறம்.

நீங்கள் பார்த்தது அண்டங்காக்கை. உங்கள் மகள் ஏமாந்தாள் என்று நினைக்க வேண்டாம், நன்றாகத்தான் பார்த்திருக்கிறாள், ஏனென்றால் வீட்டுக் காக்கையையும் இதையும் பிரித்துப் பார்த்ததே பெரிய விஷயம். பாசாரிலும் குப்பைத் தொட்டியிலும் இருப்பது வீட்டுக் காக்கை, நீளம் சுமார் 40 செ.மீ. அண்டங்காக்கை 50 செ.மீ.க்கு முன்னே பின்னே வரும். ஆனால் அளவை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். தனியாக, வெறும் வானத்தின் முன்னால், உயரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவை எப்போதும் உள்ளதைவிடப் பெரிதாகத்தான் தெரியும், பக்கத்தில் ஒப்பிட வேறு எதுவும் இருக்காதே.

கழுத்தைப் பாருங்கள். வீட்டுக் காக்கைக்குப் பிடரி, கழுத்து, மார்பு வரை சாம்பல் நிறம், முகமும் இறக்கையும் வாலும் மட்டும் கறுப்பு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் நாட்டு வீட்டுக் காக்கைகளின் பூர்வீகம் இலங்கை, அந்த வகைக்குச் சாம்பல் கொஞ்சம் அடர்த்தி. வட இந்தியப் படங்களில் பார்க்கிற மாதிரி வெளுப்பாகத் தெரியாது. மேகம் மூடிய காலையிலோ, வெயில் பறவைக்குப் பின்னால் இருக்கும்போதோ பார்த்தால் வீட்டுக் காக்கைகூட முழுக் கறுப்பாகத்தான் தெரியும். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நகர்ந்து நின்று இன்னொரு தடவை பாருங்கள். அப்போதும் கழுத்தும் உடம்பும் ஒரே கறுப்பு என்றால் அண்டங்காக்கைதான்.

அடுத்தது மூக்கும் நெற்றியும். அண்டங்காக்கையின் அலகு தடித்தது, மேல்பாதி நன்றாக வளைந்து இறங்கும், நெற்றி அலகிலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் ஏதோ கோபத்தில் இருக்கிற முகம் மாதிரி இருக்கும். உதிர்ந்த செம்பனைப் பழத்தை அது எப்படிச் சாப்பிடுகிறது என்று கொஞ்ச நேரம் கவனியுங்கள். பழத்தைக் காலால் மட்டையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும், அலகின் நுனியால் சிவந்த தோலை நார் நாராகக் கிழிக்கும், பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அலகை மட்டையில் இரண்டு பக்கமும் தேய்த்து எண்ணெயைத் துடைக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் நெற்றி, அலகு, கழுத்து எல்லாம் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

குரல் இன்னும் சுலபம். வீட்டுக் காக்கை மூக்கால் பேசுகிற மாதிரி வறண்ட ‘கா கா’, அண்டங்காக்கை நெஞ்சிலிருந்து வருகிற கனத்த ‘க்ரா... க்ரா’. இரண்டையும் ஒரே நாளில் கேட்டுவிட்டால் பிறகு கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். கூட்டமும் ஒரு தடயம்: பத்து இருபது சேர்ந்து கடை ஓரத்தில் இரைந்தால் பெரும்பாலும் வீட்டுக் காக்கை, தோட்டத்திலோ சதுப்புக் காட்டு ஓரத்திலோ ஒன்று இரண்டாக வந்தால் அண்டங்காக்கையாக இருக்கலாம். ஆனால் இது விதியில்லை, சாப்பாடு இருக்கிற இடத்தில் எல்லாமே கூடும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. மெலிந்த அலகுக் காக்கை, அதுவும் முழுக் கறுப்பு. அலகு நீளமாக, ஒல்லியாக இருக்கும், நெற்றி எழும்பாமல் சரிந்து போகும், குரலில் மூக்கு ஒலி அதிகம். இது காட்டுப் பறவை, செம்பனைக்குள் எதிர்பார்க்க வேண்டாம். மலையடிவாரக் காடு பக்கம் போகும்போது மட்டும் மனதில் வையுங்கள்.

உங்கள் மகளிடம் இதையும் சொல்லுங்கள். ரேவன் சுமார் 65 செ.மீ. நீளம், இறக்கையை விரித்தால் 120 முதல் 150 செ.மீ. வரை. ஆற்றோரம் சுற்றுகிற நம் செம்பருந்து தெரியுமல்லவா, அதன் பக்கத்தில் வைத்தாலும் ரேவன்தான் பெரிது. நீங்கள் பார்த்த பறவையைச் செம்பருந்து பக்கத்தில் கற்பனை செய்து பார்க்கட்டும், விடை அவளுக்கே கிடைக்கும்.

கேள்வி: வணக்கம் ஐயா. என் மகன் ஸ்காட்லாந்தில் படிக்கிறான். மலையேறப் போனபோது ரேவன் பார்த்தேன் என்று புலனத்தில் படம் அனுப்பினான். அவனுடைய நண்பர்கள் அது சும்மா காக்கை என்கிறார்கள். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்காகவே உங்கள் மகனைப் பாராட்ட வேண்டும். அங்கே குழப்பம் நம் ஊரைவிட அதிகம், ஏனென்றால் ரேவன் உண்மையிலேயே அங்கே இருக்கிறது, அதனோடு வேறு நாலைந்து காக்கை இனங்களும் இருக்கின்றன.

முதலில் சுலபமானவற்றைக் கழித்துவிடலாம். உடம்பு சாம்பலாகவும் தலை, இறக்கை, வால் கறுப்பாகவும் இருந்தால் அது முக்காட்டுக் காக்கை, ஸ்காட்லாந்தின் வடக்கிலும் மேற்கிலும் நிறைய. உருவம் சிறியது, பிடரியில் சாம்பல், கண் வெளுப்பு என்றால் ஜாக்டா. அலகின் அடியில் முடியில்லாமல் வெளிறிய தோல் தெரிந்தால் ரூக், அது வயல்வெளியில் கூட்டமாக மேயும், மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டும். இதெல்லாம் போக மிச்சம் இருப்பது கேரியன் காக்கையும் ரேவனும். இரண்டும் முழுக் கறுப்பு. நண்பர்கள் சண்டை போடுவது இந்த இடத்தில்தான்.

பறக்கிற படம் என்றால் வாலைப் பாருங்கள். காக்கையின் வால் நுனி விசிறி மாதிரி கிட்டத்தட்ட ஒரே அளவாக முடியும். ரேவனுக்கு வாலின் நடு இறகுகள் நீளம், ஓரத்துக்குப் போகப் போகக் குட்டை, ஆகவே வால் நடுவில் கூராக நீண்டு ஆப்பு வடிவத்தில் தெரியும். தலையும் அலகும் உடம்புக்கு முன்னால் நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும், இறக்கை நீளமாகவும் நுனி ஒடுங்கியும் இருக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. இறகு உதிர்க்கும் பருவத்தில் எந்தக் காக்கையின் வாலும் கோணலாகத் தெரியலாம், வாலைத் திருப்பும்போது எடுத்த படமும் ஏமாற்றும். ஒரே ஒரு படத்தை வைத்துப் பந்தயம் கட்டக் கூடாது.

உட்கார்ந்திருக்கும் படம் என்றால் தொண்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ரேவனின் தொண்டையில் நீண்ட இறகுகள் தாடி மாதிரி சிலும்பி நிற்கும், கத்தும்போது இன்னும் நன்றாகத் தெரியும். கேரியன் காக்கையின் தொண்டை வழவழப்பாக இருக்கும். ரேவனின் அலகும் கனம், அலகின் மேல்பக்கத்தில் பாதி தூரம் வரை முடி மாதிரி இறகுகள் மூடியிருக்கும்.

படம் தெளிவாக இல்லையென்றால் மகனிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். என்ன சத்தம் கேட்டது? ‘கா’ என்று கேட்டால் காக்கை, தொண்டை ஆழத்திலிருந்து ‘குரோங்க்’ என்று உருண்டு வந்தால் ரேவன். அந்தச் சத்தம் பள்ளத்தாக்கில் வெகு தூரம் கேட்கும், பல நேரம் பறவையைப் பார்ப்பதற்கு முன்பே சத்தம்தான் வரும். அப்புறம், எப்படிப் பறந்தது? காக்கை வேலைக்குப் போகிற மாதிரி நேராக இறக்கை அடித்துக்கொண்டு போகும். ரேவன் பருந்துபோல இறக்கையை விரித்து வட்டம் போடும், காற்றில் சட்டென்று மல்லாந்து திரும்பி சில நொடி தலைகீழாகப் பறந்து பிறகு நிமிரும். அதை அவன் பார்த்திருந்தால் நண்பர்கள் என்ன சொன்னாலும் பரவாயில்லை, பார்த்தது ரேவன்.

இன்னொரு விஷயம். பிரிட்டனில் ஒரு காலத்தில் ஆட்டுப் பண்ணைக்காரர்களும் வேட்டைக்காடுகளின் காவலாளிகளும் ரேவனைச் சுட்டும் விஷம் வைத்தும் ஒழித்ததால் மேற்கேயும் வடக்கேயும் உள்ள மலைப் பகுதிகளில் மட்டும் மிஞ்சியிருந்தது, பிறகு மெல்ல மெல்லக் கிழக்கே திரும்பிப் பரவியிருக்கிறது. அதனால் ‘இந்தப் பக்கம் ரேவனே வராது’ என்று யாராவது பழைய கணக்கைச் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பறவை கூடு கட்டுவதும் அங்கே சீக்கிரம்: குளிர் விடுவதற்கு முன்பே, பிப்ரவரியிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். அந்த மாதங்களில் பாறை முகட்டுப் பக்கம் போனால் கூட்டை நெருங்காமல் தூரத்தில் நின்றே பார்க்கச் சொல்லுங்கள். மலைக்குப் போக முடியாவிட்டால் லண்டன் கோபுரத்துக்குப் போகட்டும், அங்கே குறைந்தது ஆறு ரேவன்களை எப்போதும் வைத்துப் பராமரிக்கிறார்கள். கிட்டத்தில் நின்று அலகையும் தொண்டையையும் பார்த்துவிட்டால் மலையில் சந்தேகம் வராது.

கேள்வி: நம் முன்னோர்களோடு கப்பலில் வந்ததுதான் இங்குள்ள காக்கை என்று என் பாட்டி சொல்வார். உண்மையா?

பதில்: பாட்டி சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. வீட்டுக் காக்கை இந்த மண்ணின் பறவை இல்லை. 19ஆம் நூற்றாண்டு முடிந்து 20ஆம் நூற்றாண்டு தொடங்கும் சமயத்தில் கிள்ளான் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் கம்பளிப்புழுத் தொல்லை தாங்காமல், அவற்றைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். சிலாங்கூரில் ரப்பருக்கு முன்னால் காப்பிதான் இருந்தது, இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரியாது. காப்பி விலை விழுந்தது, பூச்சியும் சேர்ந்துகொண்டது, தோட்டக்காரர்கள் ரப்பருக்கு மாறினார்கள், காக்கை மட்டும் நின்றுவிட்டது. தோட்டத்து வேலைக்கென்று கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்டவர்கள் வரிசையில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். பிறகு துறைமுகம், டவுன், குப்பை என்று மனிதர் போன வழியிலேயே அதுவும் போனது. இப்போது நகராண்மைக் கழகங்கள் சில இடங்களில் துப்பாக்கி வைத்துச் சுடுகிற அளவுக்குப் பெருகிவிட்டது. சுட்டால் கொஞ்ச நாள் குறையும், குப்பைத் தொட்டிக்கு மூடி போடாதவரை திரும்பவும் வரும். முதலில் மூடி போடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வேன்.

அண்டங்காக்கையை யாரும் கொண்டுவரவில்லை. அது இந்த மண்ணில் முன்பே இருந்த பறவை. பாட்டியிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள், ரசிப்பார்.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளிக்குப் பக்கத்து மரத்தடியில் நடந்தால் காக்கை பறந்து வந்து தலையில் அடிக்கிறது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள். கூட்டைக் கலைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. மரத்தடிப் புல்லில் குட்டையான வாலோடு, தத்தித் தத்திப் போகிற குஞ்சு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள், அநேகமாக இருக்கும். கூட்டை விட்டு இறங்கிய குஞ்சுக்கு உடனே பறக்க வராது, தாயும் தகப்பனும் தரையிலேயே சில நாள் ஊட்டும். அந்த நாள்களில் யார் கிட்டே வந்தாலும் பின்பக்கமாக வந்து அடிக்கும். குஞ்சை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். பூனை, நாய் தொல்லை இருந்தால் பக்கத்திலுள்ள தாழ்ந்த கிளையில் தூக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், போகும்போது குடை பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை ஒரு வாரம் வேறு வாசல் வழியாக விடலாம். கல்லெறியாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். அமெரிக்காவில் சியாட்டல் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு முகமூடியைப் போட்டுக்கொண்டு காக்கைகளைப் பிடித்து வளையம் மாட்டிவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்தும் அந்த முகமூடியைக் கண்டால் காக்கைகள் கூட்டம் கூடித் திட்டின, பிடிபடாத காக்கைகளும் சேர்ந்துகொண்டன. அது அமெரிக்கக் காக்கை இனம்தான், ஆனாலும் எங்கள் ஊர்க் காக்கையும் ஆளை மறக்காது என்று பாசாரில் மீன் விற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கேள்வி: வேலியில் ஒரு காக்கை, தன்னைப் போல் இல்லாத புள்ளி போட்ட பறவைக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து சிறகை உதறிக்கொண்டு கத்துகிறது. என்ன அது?

பதில்: குயில் குஞ்சு. குயில் கூடு கட்டாது, நம் ஊரில் வீட்டுக் காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காக்கை பெருகின இடங்களில் குயிலும் பெருகியிருப்பதற்கு இதுதான் காரணம். ஆண் குயிலும் முழுக் கறுப்பு என்பதால் அவசரத்தில் காக்கை என்றே நினைப்பார்கள். கண்ணைப் பாருங்கள், ரத்தச் சிவப்பு. அலகு வெளிறிய பச்சை, வால் நீளம். கண் சிவப்பாக இருந்து உருவம் மைனா அளவே இருந்து, கூட்டமாக டவுன் கட்டடங்களைச் சுற்றினால் அது குயிலும் இல்லை, பச்சைப் பளபளப்புள்ள மைனாக் குடும்பத்துப் பறவை.

கேள்வி: அமாவாசைச் சோற்றை அண்டங்காக்கை எடுத்தால் ஆகாது, வீட்டுக் காக்கைதான் எடுக்க வேண்டும் என்கிறார்களே?

பதில்: நம் வீட்டுப் பெரியவர்கள் காக்கையைக் கூப்பிட்டுச் சோறு வைத்தார்கள், இனம் பார்த்துக் கூப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. எது வந்து எடுத்தாலும் மனநிறைவோடு இருங்கள். வாழை இலையில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் வேண்டாம். எலி மருந்து தின்று செத்த எலியைக் கண்டால் மட்டும் வெளியே போடாமல் புதைத்துவிடுங்கள். காக்கையும் கூகையும் அதைத் தின்று சாகக் கூடாது, செம்பனையில் எலியைப் பிடிக்கப் பெட்டி வைத்து வளர்க்கிற பறவையே கூகைதான்.

கேள்வி: பறவையை அடையாளம் சொல்லும் செயலியை நம்பலாமா? எனக்கு அது ரேவன் என்று காட்டியது.

பதில்: கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆய்வகம் வெளியிடும் மெர்லின் என்ற செயலி இலவசம், நல்லது, குரலைப் பதிவு செய்தும் கேட்கலாம். ஆனால் எந்தச் செயலியிலும் எந்த நாட்டில் நிற்கிறோம் என்பதை முதலில் சரியாகப் போட வேண்டும். வேறு நாட்டுப் பறவைத் தொகுப்பு இறங்கியிருந்தால் அந்த நாட்டுப் பறவையைத்தான் காட்டும். மலேசியாவை வைத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பாருங்கள். படம் எடுக்கும்போது வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருங்கள், நெற்றியும் அலகும் ஒரே படத்தில் விழட்டும். கத்துகிற சத்தத்தைக் கைத்தொலைபேசியில் பதிந்து படத்தோடு சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள், எந்த ஊர், டவுனா தோட்டமா காட்டோரமா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.